சரிபார்த்தவர் கட்டத்தில் என் கையெழுத்து

இன்று சாயங்காலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மிஷினுக்குப் புது ரிப்பன் மாட்டினார்கள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்துவிட்டேன். தலைவலி என்றேன். "வலிக்கிறதுக்கு உனக்குத் தலை இருக்குதா?" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்து, உனக்கு இதை எழுதுகிறேன். நீ படிக்க முடியாது என்று ஆன பிறகுதான் எனக்கு எழுதவே தைரியம் வந்திருக்கிறது.

நாம் பழகியதே ஒரு கக்கூஸால்தான். மாதாமாதம் வரும் 'ஆழியன்' கதைப் புத்தகத்தின் வாசகர் பக்கத்துக்கு, "ஆழியன் கப்பல் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகிறதே, அதில் கக்கூஸ் எங்கே?" என்று விழுப்புரத்திலிருந்து எழுதிப்போட்டேன். அச்சடித்தும் விட்டார்கள். அடுத்த வாரம் திண்டிவனத்திலிருந்து உன் போஸ்ட் கார்டு வந்தது. "இரண்டாம் தளம். ஐந்தாவது புத்தகம், நாற்பதாம் பக்கம் பார்க்கவும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இவனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மறுநாளே பஸ் ஏறினேன்.

உன் அறையில் நீ ஆழியனின் வானத்தை வரைந்துகொண்டிருந்தாய். கதையில் வரும் எல்லா ஊர்களும் ஒரே சார்ட்டில். வாசகர் பக்கத்தில் முகவரி கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் ஜெராக்ஸ் போட்டு அனுப்புவதாகத் திட்டம். கப்பல் ஒரு நாளில் போகிற தூரம் ஒரு சென்டிமீட்டர். உன் அப்பா தாலுகா ஆபீஸ் சர்வேயர். அவருடைய வழிதான் உனக்கும்.

"வயல முக்கோணம் முக்கோணமா பிரிச்சிக்கினே அளப்பாங்கடா. வானத்துக்கும் அதேதான். மூணு பக்கமும் மூடணும்."

"மூடலேன்னா?"

"எவனோ பொய் சொல்றான்னு அப்பா சொல்வாரு."

"உங்கப்பா சர்வேயரா, சப்-இன்ஸ்பெக்டரா?"

நீ சிரிக்காமல், "மொதல்ல கையக் கழுவிட்டு வா. மல்லாட்டை எண்ணெ சார்ட்டுல பட்டுது, கொன்னுடுவேன்" என்றாய். விக்கிரவாண்டியில் பஸ் நிற்கும்போது வறுத்த வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே வருவது என் வழக்கம்.

ஒரே ஒரு தூரம்தான் உன்னை வாட்டியது. சாம்பல்கரையிலிருந்து ஊமைத்துறைக்கு நேர்வழியில் எத்தனை நாள்? எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. மற்ற அளவுகளை வைத்து ஆறு என்று கணக்குப் போட்டிருந்தாய். ஆனாலும் ஆழியன் எழுதுகிறவருக்கே கடிதம் போட்டுக் கேட்டாய். மூன்று மாதமாகியும் பதில் இல்லை.

அந்தப் பதிலை நான் அடித்தேன். தமிழ் டைப் கிளாசில், மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்தில். "அன்புத் தம்பிக்கு, தங்கள் ஆர்வம் கண்டு வியந்தேன். பதினொரு நாள் ஆகும்." அடியில் வளைத்து நெளித்து ஒரு கையெழுத்து. பதினொன்று என்பது காலாண்டில் நான் கணக்கில் வாங்கிய மார்க். அந்த மார்க்குக்காக என்னை ஒரு வாரம் ஓட்டியவன் நீ. பார்த்ததும் கண்டுபிடிப்பாய், முதுகில் நாலு வைப்பாய் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை வந்து பார்த்தால், கடிதம் மாதா படத்துக்குக் கீழே இருந்தது. உன் அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்திருந்தார்கள். உன் அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பெரிய மனுசன், பெரிய மனுசன்தான்" என்றாராம். நீ என் தோளைப் பிடித்து உலுக்கி, "எனக்குடா, எனக்கு எழுதியிருக்காரு" என்றாய். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். எனக்கும் ஒரு தட்டில் கேசரி வந்தது. தின்றேன்.

அந்த முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் நாலு நாள், ஐந்து நாள் என்று புத்தகத்திலேயே இருந்தது. அப்படியானால் மூன்றாவது பக்கம் பதினொன்றாக இருக்கவே முடியாதாம். கணக்கில் பதினொன்று வாங்கியவனுக்கு அது எப்படித் தெரியும்? நீ சொல்லித்தான் தெரிந்தது.

"கதை பொய் சொல்லாது. அவரு லெட்டரும் பொய் சொல்லாது. அப்ப நான்தான்டா எங்கியோ தப்பு பண்ணிக்கினு இருக்கேன்."

ஒரு பக்கத்தை இழுத்தால் அடுத்த முக்கோணம் திறந்துகொண்டது. அதை மூடினால் அதற்கடுத்தது. எட்டு மாதம் எல்லா ஊர்களையும் அழித்து அழித்து நகர்த்தினாய். பழைய புத்தகங்களை மறுபடி படித்து, "இங்க கப்பல் வேகமா போயிருக்கும்" என்று நீயே சமாதானம் எழுதிக்கொண்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும், உன் அப்பாவின் ஆபீஸ் படங்களில் இருப்பதுபோல ஓரத்தில் இரண்டு கட்டம் போட்டாய். வரைந்தவர் கட்டத்தில் உன் பெயர். "நீதான எல்லா அளவும் கூடப் படிச்சிப் பாத்த" என்று சரிபார்த்தவர் கட்டத்தை என்னிடம் நீட்டினாய். கையெழுத்துப் போட்டேன்.

ஜெராக்ஸ் போடுவதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "இப்ப எல்லாம் மூடுதுல்ல?" என்று கேட்டாய். "சூப்பரா மூடுதுடா" என்றேன். நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

போன ஞாயிறு உன் அப்பா வரச் சொல்லியிருந்தார். நீ போனதை அவர் எழுதித் தெரிவித்ததில், நீ வரைந்த வானத்தை ஆழியன் ஆண்டு மலரில் போடப் பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். "அனுப்பறதுக்கு மின்ன ஒரு தபா பாத்துடு தம்பி. சரிபார்த்தது நீதான?" என்று சார்ட்டை விரித்தார். ஊமைத்துறை இருந்த இடத்தில் அழித்து அழித்துத் தாள் பஞ்சாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். "மொத அளவு எந்த நோட்டுல இருக்குது?" என்றுதான் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நான் அளவுகளைப் படிக்கப் படிக்க, மதியம்வரை புதுத் தாளில் ஒவ்வொரு ஊரையும் நீ முதலில் வைத்த இடத்தில் வைத்தார். ஒரு முக்கோணம்கூடத் திறக்கவில்லை. கடைசியில் இரண்டு கட்டம் போட்டு உன் பெயரை எழுதினார். சரிபார்த்தவர் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"எட்டு மாசம் தம்பி. பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்த" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது உன் அம்மா சோறு போடக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. குழம்பு ஊற்றிக்கொண்டே, "அந்த லெட்டரு வந்த அன்னிக்கு மாதிரி புள்ள என்னிக்குமே சிரிச்சதில்லப்பா. அத எழுதுன மகராசன் நல்லா இருக்கணும்னு தெனம் செபமாலையில வேண்டிக்கினு இருக்கேன்" என்றார்கள்.

உன் அப்பா தலை நிமிரவில்லை. நான் சோற்றைப் பிசைந்து தின்றேன். இந்நேரம் உங்கள் வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் நல்லா இருக்கணும் என்று உன் அம்மா இன்றைக்கும் வேண்டிக்கொள்வார்கள்.