வலது தொடையும் ஓரகத்தியும்

பிப்ரவரி 3, செவ்வாய்

என் ஓரகத்தி இன்று எண்பது கிலோ ஸ்குவாட் செய்தாள். தோளில் எடை மாட்டிய இரும்புப் பாரைச் சுமந்தபடி உட்கார்ந்து எழுந்தாள், தரையில் விழுந்த சீப்பை எடுக்கிறவள் மாதிரி. ஜிம்மே கைதட்டியது. நானும் தட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே தட்டிவிட்டேன். வயிறு எரிந்தால் கை அப்படித்தான் தட்டும்போல.

என்னுடையது எழுபத்தைந்து. மூன்று வருட உழைப்பு. அவள் வந்து எட்டே மாதம்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து ஜிம்முக்குக் கூட்டிப் போனது யார்? நான்தான். சொந்தச் செலவில் சூனியம்.

ஏப்ரலில் ஸ்குவாட் போட்டி. ஒரு எடைப் பிரிவுக்கு ஜிம்மிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். நாங்கள் இருவரும் ஒரே பிரிவு. அந்த இடம் எனக்குத்தான் என்று போன வருடமே முடிவு செய்து வைத்திருந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வலது தொடை ஒரு மாதமாகக் கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஜிம் மாஸ்டரிடம் சொன்னேன். ஸ்குவாட் செய்யச் சொல்லிப் பின்னால் நின்று வீடியோ எடுத்தார். பார்த்தால் எனக்கே வெட்கம். கீழே இறங்கும்போது என் இடுப்பு வலது பக்கமாக நகர்கிறது, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு இடம் விடுகிற மாதிரி.

"வெயிட் முழுக்க வலது கால்தான் தூக்குது. இடது சும்மா கூட வருது," என்றார். "முன்னாடி நின்னு பார்த்தா இது தெரியவே தெரியாது மேடம். பின்னாடியிருந்துதான் பிடிக்கணும்."

டேப் வைத்து அளந்தார். இடது தொடை ஒன்றரை சென்டிமீட்டர் மெலிவு.

பாரைப் பிடுங்கிவிட்டார். ஆறு வாரம் மரப்பெட்டிமேல் ஒற்றைக்காலில் ஏறி இறங்க வேண்டும். இடது காலில்தான் ஆரம்பிக்க வேண்டும். அது எத்தனை செய்கிறதோ, வலதும் அத்தனையோடு நிறுத்த வேண்டும். பலமான கால் பலவீனமான காலுக்காகக் காத்திருக்கணுமாம்!

பக்கத்தில் அவள் பாரில் எடைப் பிளேட் மாட்டுகிற சத்தம். டங். டங்.

பிப்ரவரி 6, வெள்ளி

காரணம் கிடைத்துவிட்டது. என் பிழைப்புதான். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் எனக்கென்று தனி பிரேக். கற்றுக்கொள்கிறவர் எங்கே இடிப்பாரோ என்று காலை அதன்மேல் தூக்கி வைத்தபடியே எட்டு மணி நேரம். பதினோரு வருடம். அதுவும் வலது கால் மட்டும்.

"ஊருக்கெல்லாம் நீங்க பிரேக் போட்டா தொடை எப்படி மேடம் தளரும்?" என்று மாஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

இடது காலில் ஆறு. ஆறே ஆறு. அவள் எண்பத்திரண்டரை.

பிப்ரவரி 13, வெள்ளி

மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் வலது காலில் கூடுதலாக எட்டு போட்டேன். நோட்டில் ஆறு என்றுதான் எழுதினேன். வீட்டுக்கு வந்து சோபாவில் பாதத்தைத் தூக்கி வைத்து, முழங்காலிட்டு, தொடையின் முன்பக்கத்தைக் கண்ணில் தண்ணீர் வரும்வரை இழுத்தேன். இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "தம்பி பொண்டாட்டி என்னமா தூக்குறாளாம்ல! உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாதா? எனக்கா? தொடையை உருட்டித் தளர்த்துகிற உருளையை அவர் தலையிலேயே உருட்டியிருப்பேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். வலது காலில் திருட்டுத்தனமாகப் போட்டதை, இழுத்ததை, எல்லாவற்றையும். "வலிக்க வலிக்க இழுத்தா அது இன்னும் பிடிச்சுக்கும். இடது கால் வேலைக்கு வரலைன்னுதான் இது இறுகிப்போய் நிக்குது. மெதுவா இழுங்க, அரை நிமிஷம், மூச்சை விடுங்க. இடது வந்துட்டா இது தானா விடும்."

திட்டு வாங்கியதுகூடப் பரவாயில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 19, வியாழன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன்.

மாஸ்டர் வெளியூர். அவளுடைய எண்பத்தைந்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி என்னிடம் சொல்லியிருந்தார். அவள் சரிபார்க்க ஒரு தடவை சும்மா இறங்கினாள். நான் பின்னால் நின்றிருந்தேன். பார்த்துவிட்டேன். அவள் இடுப்பு நகர்கிறது. வலது பக்கம். அச்சு அசல் என்னுடையது.

எனக்குள் என்ன பொங்கியது? சந்தோஷம். வேறு பெயரே இல்லை அதற்கு.

பிறகு நடந்து போய் முன்னால் நின்று வீடியோ எடுத்தேன். முன்னாலிருந்து அவள் தேர் மாதிரி நேராக இருந்தாள். மாஸ்டர் பதில் போட்டார்: சூப்பர், அடுத்த வாரம் இன்னும் ஏற்றலாம்.

"தேங்க்ஸ்க்கா," என்றாள் அவள்.

பிப்ரவரி 25, புதன்

நான் பொய் சொல்லவில்லையே. வீடியோதானே எடுத்தேன்?

மார்ச் 3, செவ்வாய்

மாடியிலிருந்து அவள் இறங்கி வரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, வலது இடுப்புல ஏதோ பிடிக்குது. காட்டணுமோ?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும்," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம்!

நாளை மறுநாள் அவளுக்குத் தொண்ணூறு. அதைத் தூக்கிவிட்டால் போட்டிக்கு அவள்தான்.

மார்ச் 4, புதன்

காலையில் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பேங்க் ஆபீசர். பின்கண்ணாடியைப் பார்க்கிறேன் பேர்வழி என்று முன்னால் பார்க்கவே இல்லை. காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி சாலையில் இறங்கினாள். நான் யோசிக்கக்கூட இல்லை, கால் தானாகப் போய் அழுத்தியது. கார் குலுங்கி நின்றது. அவள் எங்களைத் திட்டிவிட்டுப் போனாள். பேங்க்காரர் வேர்த்துக் கொட்டி, "நல்லவேளை மேடம் பார்த்தீங்க," என்றார்.

பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருத்திக்குப் போகிற கால், என் வீட்டு மாடியில் இருக்கிறவளுக்கு ஏன் போகவில்லை? ச்சீ. என்ன பொம்பள நான்!

மார்ச் 5, வியாழன்

தொண்ணூறு கிலோ மாட்டி வைத்திருந்தார் மாஸ்டர். அவள் பிடி வழுக்காமலிருக்க வெள்ளைப் பவுடரைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்," என்றேன். "அறுபதுல ஒண்ணு போடு. நான் பின்னாடி நின்னு எடுக்கறேன்."

எடுத்தேன். காட்டினேன். மாஸ்டர் முகம் மாறிவிட்டது. பிளேட்டையெல்லாம் கழற்றினார். "உனக்கு ஏம்மா இது? நீயும் நாள் முழுக்க பிரேக் மேல கால் வெச்சிருக்கியா?"

அவள் முழித்தாள். "இல்லையே மாஸ்டர். வந்த புதுசுல அக்கா பின்னாடி நின்னு பார்த்துப் பார்த்துதான் கத்துக்கிட்டேன். அவங்க இடுப்பு லேசா அந்தப் பக்கம் போகும். அதுதான் சரியான முறைன்னு நினைச்சு அப்படியே செஞ்சேன்."

நான் போனை அணைத்துப் பையில் போட்டேன்.

திரும்பி வரும் வழியில், மருந்துக்கடை வாசலில், சொல்லிவிட்டேன். "அன்னிக்கே பார்த்தேன். வேணும்னுதான் முன்னாடி நின்னு எடுத்தேன்." அவள் வாங்க வந்த களிம்பை வாங்காமலேயே நடந்தாள். நான் பத்தடி பின்னால் போனேன்.

மார்ச் 10, செவ்வாய்

பேசவில்லை. மாடியில் அவள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. வலது கால் கொஞ்சம் அழுத்தமாக விழுகிறது.

மார்ச் 24, செவ்வாய்

இடது காலில் பதினொன்று. வலதிலும் பதினொன்று, சத்தியமாக. தொடை தளர்ந்திருக்கிறது. நேற்று காரில் ஆள் யாரும் இல்லாத தெருவில் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துக் கீழே வைத்துப் பார்த்தேன். உலகம் ஒன்றும் இடியவில்லை.

போட்டிக்கு என்னை அனுப்புகிறார் மாஸ்டர். நான் ஆசைப்பட்டது இப்படி வர வேண்டுமா?

அவள் இன்று மறுபடி ஜிம்முக்கு வந்தாள். இடுப்பு வலி குறைந்துவிட்டதாம். அதை மாஸ்டரிடம்தான் சொன்னாள். பக்கத்து மரப்பெட்டியில் ஏறி இறங்கிவிட்டு, என் பக்கம் பார்க்காமல், "உங்களுக்கு எத்தனை?" என்றாள்.

"பதினொண்ணு. உனக்கு?"

"ஏழு." மறுபடி பெட்டியில் ஏறிக்கொண்டே, "முதல் வாரம் உங்களுக்கு ஆறுதானே? எனக்குத் தெரியும்," என்றாள். அந்த ஒன்று கூடுதல் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. எனக்கும் சுருக்கென்றது. பொறாமை இன்னும் போகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுபத்தேழரை தூக்கினேன். மூன்றாவது இடம். எண்பத்தைந்து இன்னும் அவளுடையதுதான்.

மேடைக்குப் போகும் முன் என் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "நான் பின்னாடியே நிக்கறேன்க்கா. பயப்படாதீங்க," என்றாள். குத்திச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும்தான்.

வரும்போது பஸ்ஸில் அவள் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நேரா இருக்கு," என்றாள்.

நான் வாங்கிப் பார்க்கவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.