நான்கு பேர் இருந்த அறை

மார்ச் 11, செவ்வாய்

இன்று இன்னொரு சீன போனைப் பிரித்தோம். இந்த வருடத்தில் ஒன்பதாவது. பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய தகட்டை நுழைத்து லான் எடுத்தாள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. என் கையில் இதுவரை இரண்டு உடைந்திருக்கின்றன.

போன் கேமராவின் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் மோட்டாரைச் செய்வது எங்கள் கம்பெனி. மிளகு அளவு இருக்கும். ஐந்து வருடம் முன்பு சீனக் கம்பெனிகள் எங்களிடம் வாங்கின. பிறகு குறைத்தன. இப்போது அவர்களே செய்துகொள்கிறார்கள். நாங்கள் மில்பிடாஸில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, அவர்கள் செய்ததைத் திறந்து பார்க்கிறோம்.

மேனேஜர் ஸ்ரீநிவாஸ் பூதக்கண்ணாடியில் குனிந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்த விலைக்கு எப்படி முடிகிறது?

லான் சொன்னாள்: "இந்த ஒரு பாகத்துக்கு மட்டும் அங்கே முந்நூறு பேர். நாம் பதினொரு பேர்."

அவள் சீனாவில், செங்டுவில் பிறந்தவள். இங்கே வந்து பதினேழு வருடம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள். அப்படியும் அந்தக் கேள்வியை எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

மற்றபடி ஒன்றுமில்லை. ஊர் வங்கியில் கேஒய்சி புதுப்பிக்கக் கடைசி நாள். ஆய்வகத்தில் இருந்தபடியே முடித்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஷென்செனில் ஒரு கம்பெனி நேற்று புது மோட்டாரை அறிவித்திருக்கிறது. படத்தை எல்லோரும் பார்த்தோம். எங்களுடையதைப் போலவே இருக்கிறது. நாங்கள் இன்னும் வெளியே காட்டாதது.

மதியம் செக்யூரிட்டி ஆள் ஒருவர் வந்தார். செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பதுக்கு, ஆய்வக வைஃபையில் ஒரு சீன பிராண்டு போன் நாலு நிமிடம் இணைந்திருக்கிறது. எந்தக் கம்பெனி போன் என்று பதிவில் தெரிகிறது. யாருடையது என்று தெரியவில்லை.

யாருடையது.

மார்ச் 13, மறுபடி

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

வங்கி ஓடிபி ஊர் சிம்முக்குத்தான் வரும். அந்த சிம் கிடப்பது, போன வருடம் கோபியில் சித்தி மகன் ரஞ்சித்குமார் கடையில் வாங்கிய போனில். "இந்த வெலைக்கு இவனுகள அடிச்சுக்க ஆளே இல்லீங்க்கா. ஊரே இதத்தான் வெச்சிருக்குது" என்றான். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இங்கே நான் அதில் பேசுவதே இல்லை. ஓடிபிக்காக மட்டும் பையில் கிடக்கும். இங்கே இருக்கிற நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் பையில் இப்படி ஒரு போன் கிடக்கிறது.

அந்த அறையில் சிக்னல் கிடையாது. வைஃபையில் சேர்த்தால் மெசேஜ் வந்துவிடும். வெளியே போய்த் திரும்புவதற்குள் ஓடிபி செத்துவிடும். கடவுச்சொல் வெள்ளைப் பலகையின் ஓரத்தில் எழுதியிருந்தது. போட்டேன்.

சொந்த போனை ஆய்வக வைஃபையில் சேர்க்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சீன பிராண்டு என்றால் கட்டிடத்துக்குள்ளேயே கூடாது. அலமாரியில் நாற்பது சீன போன்கள் இருக்கின்றன. எல்லாம் பிரித்துப் போட்டவை. அவற்றால் பிரச்சினை இல்லை.

மார்ச் 14, வெள்ளி

கதவு அட்டைப் பதிவின்படி அந்த நேரத்தில் அறைக்குள் நான்கு பேர். லான், ஸ்ரீநிவாஸ், டெக்னீஷியன், நான்.

விசாரணைக்குக் கூப்பிட்டது லானை மட்டும். காலை ஒன்பதரைக்குப் போனவள் பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பினாள். உட்கார்ந்தாள். கையுறையைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"என் போனைக் காட்டினேன்" என்றாள். "அமெரிக்க போன். வேறொன்று எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள்."

நான் என்ன சொன்னேன்? "ஐயோ" என்றேன். தமிழில்.

சாயங்காலம் காபி மெஷின் பக்கத்தில் ஸ்ரீநிவாஸ். மயிலாப்பூர்க்காரர். மற்றவர்கள் இல்லாதபோது மட்டும் என்னிடம் தமிழ் பேசுவார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதில்லம்மா?"

"தெரியாது சார்."

"குட். நம்ம பக்கம் க்ளீனா இருக்கணும். டைம் சரியில்ல."

இங்கே யாரையும் நான் சார் என்று கூப்பிடுவதில்லை. அவரைக்கூட. இன்று வாயில் வந்துவிட்டது.

மார்ச் 15, சனி

செழியனிடம் சொன்னேன். சன்னிவேலில் தோசைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது. முன்னால் நிற்பவருக்கும் தமிழ் தெரியும் என்று அவன் என்னை இழுத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டான்.

"லூசா மதி நீ? சொல்லப் போறியா?"

"சொல்லணும்ல."

"சொன்னா என்னாகும் தெரியுமா? வேலை போகும். வேற வேலை தேட அறுபது நாள் டைம். உன் புருஷன்கிறதால என் வேலையும் உன் விசாலதான் தொங்குது. கிரீன் கார்டு ஃபைல் பாதில நிக்குது. மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"அவ என்ன பண்ணா செழியா?"

"அவ சிட்டிசன். அவள யாரும் ஊருக்கு அனுப்ப முடியாது. ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும் பாரு."

அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

தோசை வாங்காமல் வந்துவிட்டோம்.

மார்ச் 18, செவ்வாய்

லானுக்குக் கட்டாய விடுப்பு. "விசாரணை முடியும்வரை." அவள் மேஜைமேல் தேநீர் பாதியோடு இருந்தது. கொட்டிக் கழுவி வைத்தேன். இதையெல்லாம் செய்கிறேன் பார்.

மார்ச் 19

பயம் என்று சொல்லிக்கொள்கிறேன். பயம்தானா? அவள்மேல் விழுந்ததும் எனக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. அது பயத்தின் கணக்கில் வராது.

மார்ச் 21, வெள்ளி

ஒரு படிவம் வந்திருக்கிறது. அறையில் வேலை செய்த எல்லோரும் எழுத வேண்டும். லானிடம் வழக்கத்துக்கு மாறாக எதையாவது கவனித்தீர்களா. வேலை நேரத்துக்கு வெளியே தங்கினாரா. வேற்று மொழியில் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா.

கேட்டிருக்கிறேன். தினமும் சாயங்காலம் அவள் அம்மாவிடம் பேசுவாள். பார்க்கிங்கில், வண்டிக்குள், கண்ணாடியை இறக்கிவிட்டு. இரண்டு வண்டி தள்ளி நான் என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பேன். யார் அம்மா சத்தமாகப் பேசுகிறார் என்று எங்களுக்குள் ஒரு போட்டிகூட உண்டு.

"ஆம்" என்று எழுதினேன்.

உண்மைதானே. வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

மார்ச் 22, சனி

அம்மா போனில், "ஏங்கண்ணு, கொரலு ஒரு மாதிரி இருக்குது? சளியா?" என்றாள். ஆமாம் என்றேன். மிளகு ரசம் வைக்கச் சொன்னாள். அவள் முகம் திரையில் அவ்வளவு துல்லியம். கன்னத்து மருவுகூடத் தெரிகிறது. அந்தக் கேமராவுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யார் செய்தது என்றும் தெரியும். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். யாரும் யாரிடமிருந்தும் திருட வேண்டியிருக்கவில்லை. முந்நூறு பேர் உட்கார்ந்து யோசித்தால் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். எங்கள் பதினொரு பேருக்கும் இது தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

மார்ச் 25

ஒன்றுமில்லை.

மார்ச் 28, வெள்ளி

லான் ராஜினாமா செய்துவிட்டாள். விசாரணை முடியவில்லை, முடிவு எதுவும் சொல்லப்படவில்லை, அதற்குள். மெயில் இரண்டு வரி. எங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறாள்.

"தப்பு பண்ணாதவ ஏன் போறா?" என்றார் டெக்னீஷியன் பக்கத்தில் யாரிடமோ, ஆங்கிலத்தில். ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காதவர்களில் நானும் ஒருத்தி.

மார்ச் 30, ஞாயிறு

நாளைக்குச் சொல்கிறேன். செழியனிடம் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. பெட்டிகளின் எடை எவ்வளவு வரும் என்று கேட்டான். பிறகு, "சரி, சொல்லு" என்றான். பிறகு பாத்ரூமில் ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

மார்ச் 31, திங்கள்

ஏழு நிமிடம்.

ஸ்ரீநிவாஸும், ஹெச்ஆர் அம்மாளும். போனை மேஜைமேல் வைத்துச் சொன்னேன். ஊர் சிம், ஓடிபி, சிக்னல் இல்லாதது, பலகையில் இருந்த கடவுச்சொல், எல்லாம். அந்த அம்மாள் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

ஸ்ரீநிவாஸ் சிரித்துவிட்டார். உண்மையாகவே சிரித்தார்.

"ஓடிபிக்கா? அட ராமா. என் வைஃபும் இதே போன்தான் வெச்சிருக்கா!" பிறகு அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் விளக்கினார், இந்தியாவில் எல்லோரும் இதைத்தான் வைத்திருப்பார்கள் என்று. அவள் தலையாட்டினாள். முன்வந்து சொன்னதற்கு நன்றி என்றாள். எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும், கவலைப்பட வேண்டாம் என்றாள்.

அவ்வளவுதான்.

போனைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதே போன். அதே நாலு நிமிடம். என் கையில் இருந்தால் ஓடிபி. அவள் கையில் இருந்திருக்கலாம் என்ற நினைப்புக்கே மூன்றேகால் மணி நேரம்.

"லான்?" என்று கேட்டேன்.

"அவங்களே ரிசைன் பண்ணிட்டாங்களேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செழியன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நல்லவேளை, நல்லவேளை என்றான். அவனைத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. எனக்கும் நல்லவேளைதான்.

ஏப்ரல் 4

லானுக்குக் கம்பெனி மெயில் போட்டிருக்கிறதாம். விஷயம் தெளிந்துவிட்டது, விரும்பினால் பேசலாம் என்று. மன்னிப்பு என்ற சொல் வக்கீலால் எடுக்கப்பட்டதாம். அவள் பதில் போடவில்லை.

ஏப்ரல் 12, சனி

லான் வீட்டுக்குப் போனேன். கராஜைத் திறந்து வைத்துச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். அரிசி வேகவைக்கும் பானை, மடக்கு நாற்காலிகள், மகளின் சின்ன சைக்கிள். ஷென்சென் போகிறார்கள். போன் கம்பெனி ஒன்று. கேமரா பிரிவு. இங்கிருந்து வருபவர்களுக்காகவே அங்கே ஒரு தளம் இருக்கிறதாம்.

"இவளுக்குச் சீன எழுத்து வராது" என்று மகளைக் காட்டினாள். "ஒன்பது வயதில் முதல் வகுப்புப் புத்தகம் வாங்கித் தர வேண்டும்."

அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றும் வரவில்லை. "அது என் போன்" என்று மட்டும் வந்தது.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நான் உன் எதிரில்தானே நின்றேன். பையிலிருந்து எடுத்தாய், பலகையைப் பார்த்தாய், போட்டாய்."

"ஏன் சொல்லவில்லை?"

"முதல் நாளே சொல்ல நினைத்தேன். சொன்னால் பழியை உன்மேல் தள்ளுகிறேன் என்பார்கள். கூட வேலை செய்பவளைக் காட்டிக்கொடுக்கிறாள், அப்படியானால் குற்றவாளி இவளேதான் என்பார்கள்." நாற்காலி ஒன்றை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். "அதனால், நீ சொல்வாய் என்று இருந்தேன். முதல் வாரம் தினமும் நினைத்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று."

"இரண்டாவது வாரம்?"

"படிவத்தைக் காட்டினார்கள். உன் எழுத்து எனக்குத் தெரியும்."

யாரோ பானையின் விலை கேட்டார்கள். அவள் திரும்பிப் பதில் சொன்னாள். என் பக்கம் மறுபடி திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, வாங்க வந்தவர்களுக்கு வழி விட்டு நகர்ந்தேன். அப்படியே தெருவரைக்கும் நகர்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 13

கோபப்பட்டிருக்கலாம் அவள்.

ஜூன் 9

போனின் கண்ணாடியை உடைக்காமல் எடுக்க எனக்கும் வந்துவிட்டது. ஸ்ரீநிவாஸ், "இப்ப நீதான்மா எக்ஸ்பர்ட்" என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

வருட மதிப்பீடு வந்தது. மூன்று பக்கம். முதல் பக்கத்தில் வேலை, இரண்டாவதில் குறைகள். மூன்றாவது பக்கத்தில் "நேர்மை" என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே ஸ்ரீநிவாஸ் எழுதியிருக்கிறார்: தன் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்தும், ஒரு பாதுகாப்புத் தவறைத் தானாக முன்வந்து தெரிவித்தார். குழுவுக்கு முன்மாதிரி. ஐந்துக்கு ஐந்து. பதவி உயர்வுக்குப் பரிந்துரை. கிரீன் கார்டுக்கும் இது உதவும் என்று தனியாக ஒரு மெசேஜ்.

கீழே, ஊழியர் ஏதாவது சொல்ல விரும்பினால், என்று ஒரு கட்டம்.

இருபது நாள் கழித்து, என்று அடித்தேன். அழித்தேன். லானின் பெயரை அடித்தேன். அழித்தேன். மூன்று மணியிலிருந்து நாலரை வரை அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டேன். கட்டம் காலி.

வீட்டில் செழியன் கேட்டான், "ரிவ்யூ வந்துச்சா? என்ன போட்டிருக்கான்?"

"நல்லாத்தான் போட்டிருக்கு" என்றேன்.