டாக்டர் சொன்ன மீதி

4-12-1976
ஐந்து மாதப் பேத்திக்குச் சளியும் காய்ச்சலும். மகள் முத்துக்கனியோடு டாக்டரிடம் போய் வந்தேன். “ஊரெல்லாம் சுத்துற சளிதான் பெரியவரே. இதுக்கு ஊசி கேக்காது. தானா போயிரும். பால் மட்டும் நிறுத்தாதீங்க” என்றார். ஒரு சொல் பிசகாமல் மனதில் வாங்கிக்கொண்டேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு அருமைநாயகம், தனக்குத் துறைமுக ஆபீசில் கொடுத்த டைரியில் எழுதுகிறார். கருப்பட்டிக் கடையையே மனக்கணக்கில் ஓட்டியவன் நான்.

7-12
காய்ச்சல் விட்டது. பிள்ளை சிரித்தது. நான் சொன்னேன்ல?

8-12
மறுபடி உடம்பு கொதிக்கிறது. மூச்சு வாங்குகிறது.

“ஐயா, டாக்டர்ட்ட போவோம்” என்றாள் முத்துக்கனி.

“ஏளா, தானா போயிரும்னுதான சொன்னாரு?”

“விலா உள்ள இழுத்தா உடனே தூக்கிட்டு வரணும்னும் சொன்னாரு. நீங்க வண்டி பிடிக்கப் போயிருந்திய.”

நான் கேட்காததை அவர் சொல்லியிருப்பாரா? பயத்தில் இவளாக எதையோ சொல்கிறாள். என் சம்சாரமும் என் பக்கம்தான் — என் ஞாபகம் என்றைக்குத் தப்பியது?

அருமைநாயகம் பேனாவை மூடினார். “வே, அந்தப் பிள்ள சொல்லுததையும் கொஞ்சம் கேளும்.”

“நீரு எழுதும்வே.”

9-12
காலையில் கடைப்பக்கம் போய்த் திரும்பினால் தொட்டில் காலி. முத்துக்கனி தனியாகவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். ஓடினேன். பிள்ளைக்கு மூக்கில் குழாய். உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறது.

“முதல்ல வந்தது சளி. அதுல நெஞ்சு பலவீனப்பட்டிருக்கு. இப்போ வேற கிருமி ஏறிட்டு. நிமோனியா. இதுக்கு ஊசி போட்டே ஆகணும். நேத்தே ஏன் வரலை?” என்றார் டாக்டர்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

ஒன்று போகும்போதே இன்னொன்று ஏறுமா? எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். அவளுக்குத் தெரிந்ததையாவது கேட்டிருக்கலாமே.

10-12
பால் இறங்கவில்லை. ஊசி குத்தும்போதும் சத்தமில்லை. அழு தாயி. ஒரு தடவ அழுதிரு.

12-12
பேத்தி அழுதாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

17-12
வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மருந்து பாட்டிலைக் காட்டி, எப்படிக் கொடுப்பது என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

“அவகிட்ட சொல்லுங்கய்யா” என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து என்னோடு பேசாதவள் என் பக்கம் திரும்பினாள். “ஐயா, பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க. நான் கேட்டுக்கிடுதேன்.”

கையை நீட்டினேன்.