கட்டைவிரலை நம்பிப் போட்ட செயின்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இது யார் கையெழுத்து என்று யோசிக்காதே, என்னுடையதுதான். இத்தனை நாள் நான் சொல்லச் சொல்ல எழுதிய உன் தம்பி பெண்டாட்டியே ஆறு மாதமாக என்னை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவு சந்தோஷம். பட்டறையில் எஞ்சின் இறக்கும்போதுகூட உங்களுக்கு இப்படி வேர்த்ததில்லையே என்று உன் அம்மா சிரிக்கிறாள்.

ஆனால் இந்த வாரம் வீட்டில் நிம்மதி இல்லை. நீ ஓட்டிய ரேஸ் வண்டியில் உன் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை பந்தயம். திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் முன்பக்கம் கடகடவென்று சத்தம், திறந்தால் டைமிங் செயின் நீண்டு தொங்குகிறது. அது ஒரு பல் தாண்டினால் போதும், வால்வும் பிஸ்டனும் முட்டி எல்லாம் தூள்தான், அது உனக்கே தெரியும். உன் தம்பி ரேஸ் கடையிலிருந்து இரட்டை வரிசைச் செயின் கொண்டுவந்தான், தடியாக இருந்தால் அறுந்துபோகாதாம். இடம் போதுமா என்று பார்க்க, நான் எஞ்சின் முன்மூடியின் உட்புறம் களிமண் அப்பி, அந்தச் செயினை மாட்டி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். களிமண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டது. சூடு ஏறினால் மூடியையே அறுக்கும். கம்பெனியின் ஒற்றை வரிசைச் செயின்தான் சரி என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. கம்பெனிச் செயின் வந்த டப்பாவில் ஒரு தாள் இருந்தது. இத்தனை வருஷம் இந்த மாதிரித் தாளில் கை துடைத்துத்தான் போடுவேன், இப்போது படிக்கத்தான் வருகிறதே என்று ஆசையாக எழுத்துக் கூட்டி வாசித்தேன். செயினைத் தளராமல் தள்ளிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது என்று மூன்றாவது வரியில் இருக்கிறது. புது டென்ஷனர் சனிக்கிழமைக்கு முன் வராதாம். உன் தம்பிக்குக் கோபம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ஸ்பிரிங் நன்றாக இருந்தால் பழையதே போதும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள், நாலு எழுத்து வந்ததும் தாளே மெக்கானிக் ஆகிவிட்டதா என்று கத்தினான்.

எனக்கு வேறொரு தாள் நினைவுக்கு வந்தது. என் ஸ்பானர் டிராயரின் அடியில் எண்ணெய் உறிஞ்ச விரித்த தாள் ஒன்று எட்டு வருஷமாகக் கிடக்கிறது, உன் பந்தயத்துக்கு நான் மாற்றிய செயினோடு வந்தது. எடுத்துப் படித்தேன். அதே மூன்றாவது வரி. அன்றைக்கும் நான் பழைய டென்ஷனரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு மாட்டினேன். கடைசிச் சுற்றில் எஞ்சின் உடைந்தது. நீ அளவு மீறி முறுக்கினாய் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அதற்குப் பிறகு நீ அந்த வண்டிச் சீட்டில் உட்காரவே இல்லை.

இரண்டு தாளையும் உன் தம்பி கையில் கொடுத்து, “உங்க அக்கா எஞ்சினை உடைக்கலடா, நான்தான் உடைச்சேன்” என்றேன். நின்றுகொண்டே இரண்டையும் படித்தான். பழைய டென்ஷனரை எடுத்துக் காயலான் கடைக்குப் போகும் இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு, சனிக்கிழமை வரலைன்னா பந்தயம் வேண்டாம்பா என்று சொல்லிவிட்டு வெளியே போனான். எஞ்சின் திறந்தபடியே இருக்கிறது. மேலே துணி போர்த்தியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே, இதைப் படித்ததும் போன் செய்யாதே. எட்டு வருஷத்துக்கும் சேர்த்து என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துக்கொள்வேன். இந்த முறை கீழே கட்டைவிரல் வைக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா