முட்டுக் கொடுத்த கை

சாங்வோன்,
நவம்பர் 28

அன்புள்ள நாரே அப்பாவுக்கு,

மிக்யொங் எழுதுவது. நானும் மகளும் நலம் என்று தொடங்கத்தான் வருகிறது. அதில் பாதிதான் உண்மை. நாரே நலம். தேர்வு முடிந்ததிலிருந்து தூங்கி வழிகிறாள். நீங்கள் வேலை பார்க்கும் போலந்தில் பனி விழுந்திருக்குமே, உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். போனில் உங்கள் முகத்தைப் பார்த்தால் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பல்கலைக்கழகமும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து ரோபோவுக்கு வேலை பழக்குவதைச் சொன்னேன் அல்லவா? வயர் இணைப்பு மாட்டுவதில் பிழையே விடாதவள் என்று என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கம்பிகள் தைத்த கையுறையோடு, தலைக்கு மேல் கேமரா ஓட, இரண்டு மாதம் மாட்டிக் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அதை முதன்முதலாக ஓட்டினார்கள். இயக்குநர், பேராசிரியர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ரோபோ வலது கையால் இணைப்பை எடுத்தது. அழுத்துவதற்கு முன், இடது கையைக் கொண்டுவந்து தன் வலது மணிக்கட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் அப்படியே. இரும்புக் கைக்கு எதற்கு முட்டு? எங்கள் குழுத்தலைவர் குக், “என்னப்பா, தனக்குத்தானே நாடி புடிச்சுப் பாக்குது?” என்றார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.  நான் அப்படிச் செய்கிறேன் என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பேராசிரியரின் மாணவி சுல்கிக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. “என் தப்புதான் சார், பதிவைச் சரியாப் பாக்காம விட்டுட்டேன்” என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இயக்குநர் முன்னாலேயே திட்டும் வாங்கினாள். பிறகு காபி மெஷின் பக்கம் வந்து, “அக்கா, அந்த அசைவை அழிக்க எனக்கு அரை நாள் போதும். ஆனா உங்க கைய என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டாள்.

ஒரு வருடமாக மணிக்கட்டு வலிக்கிறது. முட்டைக்கோஸ் விலை ஏறிவிட்டது, அதனால் எட்டு மட்டும் வாங்கிக் கிம்ச்சி போட்டேன் என்றேனே, அது பொய். அதற்கு மேல் உப்பில் ஊறிய கோஸைப் பிழிய முடியவில்லை.

யாரோ பெற்ற பெண் எனக்காகத் திட்டு வாங்கியது பொறுக்கவில்லை. குக்கிடம் போய் உள்ளதைச் சொன்னேன். “ஒரு வருஷமாவா? ஏன்மா சொல்லல?” என்றார். “சொல்லியிருந்தா பெட்டி கட்டுற பிரிவுக்குத் தள்ளியிருப்பீங்க” என்றேன். அவர், சுல்கி மேல் தவறில்லை என்று இயக்குநரிடம் தானே சொல்வதாகச் சொன்னார். என் இடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மருத்துவமனைக்குப் போனேன். நரம்பு நெரிந்திருக்கிறதாம். இன்னும் தள்ளிப்போட்டால் கட்டைவிரல் செத்துவிடும் என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். டிசம்பர் 19 அறுவை சிகிச்சை. சம்மதப் படிவத்தில் குடும்பத்தார் கையெழுத்துக்கு நாரேவே போதும், எனக்குப் பதினெட்டாயிற்று என்கிறாள். அவள் போடட்டும், சரி.

ஆனால் பத்து நாள் வலது கை நனையக் கூடாதாம். என் தலையைக் கழுவிவிட ஓர் ஆள் வேண்டும். மகளிடம் கேட்க மாட்டேன். பக்கத்து வீட்டிலும் கேட்க மாட்டேன். இருபது வருடத்தில் நான் உங்களிடம் வாருங்கள் என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். வாருங்கள்.

உங்கள்,
மிக்யொங்