நன்மை வாங்காதவன்

மார்ச் 6, 1974

மறுபடி கஞ்சி. மறுபடி கக்கூஸ்.

குடலுக்கு ஆகாதென்று டாக்டர் சொல்லி, கோதுமையை விட்டு ஒரு வருடமாகிறது. ரேஷனில் போடும் கோதுமையை அம்மா வாங்கிய கையோடு பக்கத்து வீட்டு எல்சியக்காவுக்குக் கொடுத்துவிடுகிறாள். பன் இல்லை, பிஸ்கோத்து இல்லை. பெருங்காயத்தில் மாவு கலக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னபின் அதுவும் இல்லை. ஆனாலும் இளைக்கிறேன்.

இன்று டாக்டர் ஞானதுரை என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "வெளிய எங்க சாப்பிடுறே, பன்னு? உண்மையைச் சொல்லு."

நான் திருடவில்லை. பின், என்னைத் தின்பது யார்?

மார்ச் 9

இன்றும் எண்ணூருக்கு வேலைக்குப் போகவில்லை. எம்.ஏ. படித்த குமாஸ்தா ஒருவன் இல்லாமலும் தொழிற்சாலை புகைகிறது.

மார்ச் 20

போன வாரம், குழாயில் கட்டிய ஓர் உலோகக் குளிகையை விழுங்கவைத்தார்கள். அது என் சிறுகுடலின் உட்புறத்தில் ஒரு கிள்ளு எடுத்துவந்தது. இன்று டாக்டர் அதை நுண்ணோக்கியில் காட்டினார். நல்ல குடலில் விரல் விரலாக எழுந்து நிற்குமாம். சத்தை உறிஞ்சுபவை அவைதானாம். என்னுடையதில் விரல்களே இல்லை. தேய்ந்த தரை. மேல்வரிசைச் செல்களுக்கு நடுவே கருநீலப் புள்ளிகள், நெருக்கியடித்துக்கொண்டு.

"கிருமியா, சார்?"

"இல்லப்பா, உன் வெள்ளணுதான். ஒடம்புக்குக் காவலா இருக்குறது. கோதுமையைப் பகையாளின்னு நினைச்சு உன் குடலையே சிதைக்குது."

கோதுமைதான் வரவில்லையே. பிறகு எதற்கு இந்தக் கூட்டம்?

ஏப்ரல் 10

டாக்டர் திடீரென்று: "நீ ஆர்.சி.தானே? ஞாயித்துக்கிழமை பூசையில நன்மை வாங்குறியா?"

வாங்குகிறேன். நம்பியா, அம்மாவுக்காகவா — தெரியாது. நாக்கை நீட்டுகிறேன்; சாமியார் அந்த வெள்ளை அப்பத்தை வைக்கிறார். மடத்துக் கன்னியர்கள் கோதுமை மாவில் சுடுவது.

ஒரு வருடமாக எங்கள் வீட்டில் யாருக்கும் அது சாப்பிடும் பொருள் என்றே தோன்றவில்லை. எனக்கும்.

"துளி போதும், அதுங்களை எழுப்பிவிட. நிறுத்து."

ஏப்ரல் 14

பாஸ்கா, ஆண்டவர் உயிர்த்த ஞாயிறு. எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போனார்கள். நான் மட்டும் பெஞ்சில். சாவான பாவத்தில் இருப்பவன்தான் இன்று அப்படி உட்காருவான். முதுகெல்லாம் கண்கள்.

வெளியே எல்சியக்கா: "இன்னா நைனா, பாஸ்காவுக்குக்கூட வாங்கலியா? பெரிய பாவமா கீது போல!"

வீட்டில் அம்மா மீன்கூடையை எட்டி உதைத்தாள். "எவடா அவ? சொல்லித் தொலை, கட்டியாவது வெக்கிறேன்."

அப்பம் கோதுமையில் செய்தது என்றேன்.

"ஆண்டவரோட ஒடம்புடா அது! அதுல ஏதுடா கோதுமை? ஆண்டவரு உன் கொடல அறுப்பாரா?"

யார் அறுக்கிறார்கள் என்று எனக்குத்தான் என்ன தெரியும்?

ஏப்ரல் 21

பூசையில் இன்றும் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு நன்மை வாங்கப் போனாள்.

ஜூன் 26

மறுபடி குளிகை. ஒரு விரல்கூட முளைக்கவில்லை. புள்ளிகள் கூடியிருக்கின்றன.

டாக்டர் இம்முறை சந்தேகப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மொதல்ல கோதுமைதான் அதுங்களை உசுப்பிச்சு. இப்ப உசுப்ப எதுவும் வேணாம் போலிருக்கு. தானாவே அடிக்குது."

ஏன்? "தெரியலப்பா."

அவற்றை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை. அடங்கினால், வேறு நோய் வந்தால் தடுக்க ஆளிருக்காது. அடங்காவிட்டால் — அவர் முடிக்கவில்லை.

"அப்போ நன்மை வாங்கலாமா, சார்?" ஏன் கேட்டேன்?

"நெருப்பு அணையலேன்னு எண்ணெய் ஊத்துவியா?"

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். செத்துப்போகலாம் என்பதையும். கூடையைத் தூக்கிக்கொண்டு கல்மண்டபத்துக்கு மீன் விற்கப் போய்விட்டாள்.

ஜூலை 2

அந்த வெள்ளணுக்கள் அந்நியம் அல்ல. என் எலும்பில் பிறந்தவை. நான் எந்தப் பக்கம்?

ஆகஸ்ட் 4

மாத்திரையால் முகம் ஊதியிருக்கிறது. பசிக்கிறது — இது குணமா, மருந்தின் வேலையா? இந்த வாரம் வயிறு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நம்பப் பயம்.

பூசையில் எல்லோரும் எழுந்தார்கள். அம்மாவுக்கு வழிவிடக் காலை மடக்கினேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"போம்மா."

"சும்மா இர்றா."

வெளியே எல்சியக்கா விடவில்லை. "இன்னாக்கா, இப்ப நீயுமா? நீ இன்னா பாவம் பண்ண?"

"அவன் பண்ணதுதான்," என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம். போவியா."