கோபன்ஹேகன் கவுன்சிலர் கேட்ட கேள்விக்குப் பதில்

பூதலூர்
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் வாலண்டினாவுக்கு அப்பா ரெத்தினம் எழுதுவது. இங்கே நானும் எதுத்த வீட்டு உன் அத்தை காளியம்மாளும் கறவை மாடும் உசுரோட இருக்கோம், இதுல அத்தைக்கு மட்டும் வாய் கொஞ்சம் கூடுதலா இருக்கு. அங்கே நீயும் மாப்பிள்ளை யென்ஸும் பேத்தி அம்சாவும் அந்தக் குளிர்ல வெறைச்சுப் போகாம இருக்கீங்களான்னு எழுதவும். என் எழுத்து கோணலா இருந்தா மாப்பிள்ளைகிட்ட காட்டிச் சிரிக்காதே. செங்கொடிச் சங்கத்துக்காரங்க பெட்ரோமாக்ஸ் வச்சு சொல்லிக்குடுத்த எழுத்து, அதுக்கு மேல எனக்குப் படிப்பு ஏது. உனக்குப் பேர் வச்சதும் அவங்கதான், ராக்கெட்டுல ஏறிப்போன ரஷ்யாக்காரப் பொம்பளை பேரை வைக்காதீங்கய்யா இதுவும் எங்கேயாவது பறந்துடும்னு உங்கம்மா அன்னைக்கே சொன்னா, யாரு கேட்டது.

நீ ஜெயிச்ச சேதியை மெஹராஜ் பேகம் போன் பூத்துலேர்ந்து நான் வெளியில வர்றதுக்குள்ளயே தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. அது பேச்சுக்குத்தான் எஸ்.டி.டி. பூத்து, நிசத்துல ரேடியோ நிலையம். உடனே நம்ம பயலுக கேட்ட மொத கேள்வி என்ன சின்னம்ங்கிறதுதான். சின்னமே கிடையாது கட்சிக்கு ஒரு எழுத்துதான்னு நீ எழுதியிருந்ததைச் சொன்னேன், ஒருத்தனும் நம்பல. சூரியன்காரன் சூரியன்தான்னு சொல்றான், இலைக்காரன் இலைதான்கிறான், எம் மகளாச்சே கதிர் அரிவாளா இல்லாம வேற என்னவா இருக்கும்னு நானும் என் பங்குக்குக் கொளுத்திப் போட்டேன். பெரிய சண்டை. டென்மார்க்காரன் அந்தக் காலத்துல கப்பல்ல வந்து தரங்கம்பாடியில கோட்டை கட்டினான், இப்ப நம்ம தெருப் பொண்ணு அவன் தலைநகரத்துக்கே போயி கவுன்சிலர் ஆயிடுச்சு, கணக்கு சரியாப் போச்சுன்னு டீக்கடையில சொன்னேன், டீக்கு அன்னைக்கு யாரும் காசு கேக்கல. மாப்பிள்ளைகிட்ட சொல்லு, கோட்டையைப் பாத்து ஆராய்ச்சி எழுத வந்தவரு பொண்ணைப் பாத்துக் கூட்டிட்டுப் போனதுக்கு இதுதான் தண்டனை, இனிமே வீட்டுச் சமையல் அவருதான்.

மேயரை கவுன்சிலருங்க கூடித்தான் தேர்ந்தெடுப்பாங்க, ஓட்டு எண்ணின ராத்திரியே எல்லாக் கட்சியும் ஒக்காந்து விடிய விடியப் பேரம் பேசி முடிச்சாங்கன்னு சொன்னியே, அதுதான் எனக்கு வெளங்கல. உங்களை எல்லாம் யாரும் வேன்ல ஏத்தி குத்தாலத்துக்குக் கொண்டு போகலையா? முன்னே இங்கே யூனியன் சேர்மன் தேர்தல்ல நம்ம மெம்பரை ராவோட ராவாத் தூக்கிட்டுப் போயி, எண்ணெய் தேச்சு அருவியில குளிப்பாட்டி, ஓட்டுப் போடுற அன்னைக்குத்தான் எறக்கி விட்டாங்க. மனுசன் ரெண்டு சுத்துப் பெருத்து வந்தான். உங்க ஊர்ல அருவி இல்ல போலருக்கு, பாவம்.

வெத்தலை விசயமா நீ எழுதினதைப் படிச்சிட்டு அத்தை இன்னும் என்னைத் திட்டிக்கிட்டு இருக்கா. நான் என்ன செய்வேன். வெத்தலைபாக்கு வைக்காம கல்யாணத்துக்கே ஒருத்தன் வரமாட்டான், ஓட்டுக்கு எப்படி வருவான்? எம் மக வெறுங்கையோட வாசல் வாசலாப் போயி நிக்கக் கூடாதுன்னுதான் கும்மோணம் கொழுந்தா பாத்து வாங்கி, ஈரத்துணி சுத்தி, பாக்கும் மஞ்சளும் வச்சு பார்சல் போட்டேன். ஒரு வாரத்துல வந்துடும்னு போஸ்டாபீசுல சொன்னாங்க. அது மாசக்கணக்கா ஊர் சுத்தி கருப்புக் கூழாப் போயி எறங்கும்னும், மாப்பிள்ளை அதை நாட்டு மருந்துன்னு நெனச்சு முட்டியில தேச்சுக்குவாருன்னும் நான் கண்டேனா? வெத்தலை இல்லாமலே உனக்கு ஓட்டுப் போட்டிருக்காங்கன்னா அந்த ஊரு சனங்க ரொம்ப நல்லவங்களாத்தான் இருக்கணும்.

சரி. இவ்வளவு நேரம் நான் எதைச் சுத்திச் சுத்தி வர்றேன்னு உனக்கு வெளங்கியிருக்கும். ஞாயித்துக்கிழமை நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே அத்தை என் கையிலேர்ந்து போனைப் பிடுங்கி, உங்கப்பன் தனியாக் கெடந்து பழையசோத்தை நின்னுக்கிட்டே தின்னுட்டுப் படுக்குறான், மாட்டுக்கிட்ட அரசியல் பேசுறான், நீ அங்க கவுன்சிலர் வேலை பாருன்னு கத்தினாளே, அதுக்கப்புறம் நீ அழுதது எனக்குக் கேட்டுச்சு. அவ சொன்னதுல பாதி பொய். மாடு அரசியல் பேசாது, நாந்தான் பேசுவேன். இன்னொண்ணும் தெரிஞ்சுக்க, தெருவே நீ ஜெயிக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தப்ப உன் அத்தை மட்டும் நீ தோக்கணும்னு காளியாத்தாவுக்கு சேவல் நேர்ந்திருந்தா. தோத்தாத்தானே சொன்னபடி தையில நீங்க மூணு பேரும் வந்து ஆறு மாசம் இருப்பீங்க. நாற்காலியில உக்காந்தா நாலு வருசத்துக்கு அசைய முடியாது, வந்தாலும் விருந்தாளி மாதிரி பத்து நாள்தான். இப்ப காளியாத்தாகூட அவ பேசுறதில்ல, கோயில் வழியாப் போனா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறா. சேவல் மட்டும் சந்தோசமாத் திரியுது.

அப்பா நீ ஒரு வார்த்தை வான்னு சொல்லு, ஜனவரி மொத தேதி பதவியேக்கறதுக்கு முந்தி என் இடத்தை எனக்கு அடுத்து ஓட்டு வாங்கினவருக்கு விட்டுக் குடுத்துட்டு வந்துடுறேன்னு கேட்டே. பூத்துக்கு வெளியில பாதித் தெரு நிக்குது, நான் என்னத்தச் சொல்ல. காயிதத்துல எழுதுறேன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். நாலு நாளா எழுதணும் எழுதணும்னு வயலுக்குப் போயிடுறேன். வயல்லயும் வேலை இல்ல, நட்டது தாமதம், இப்பத்தான் தொண்டைக் கதிரு, இன்னும் வெளியில தலை காட்டல. சும்மா வரப்புல நின்னுட்டு வர்றேன். மழை விடாம பேஞ்சா கதவைச் சாத்திக்கிட்டு ஒக்காந்திருப்பேன், யாராவது சைக்கிள் மணி அடிச்சுட்டுப் போனா நம்ம வீட்டுக்கான்னு எட்டிப் பாப்பேன். உலையில ஒரு பிடி அரிசி போடுறதுக்கு என்னத்துக்கு அடுப்புன்னு தோணும். போன மாசம் பின்பக்கம் கதவு வச்ச கக்கூஸ் ஒண்ணு கட்டினேன், பளபளன்னு வெள்ளைக் கல்லு பதிச்சு. தெருவுல கேலி பண்ணினாங்க, ஒத்த ஆளுக்கு எதுக்குடா மகாலு, கால்வாய்க்கரை என்ன ஆச்சுன்னு. மாப்பிள்ளையும் பேத்தியும் வருவாங்கன்னு நான் சொல்லல, எனக்கு வயசாச்சு குந்த முடியலன்னு சொன்னேன். இதையெல்லாம் மறைச்சு எழுதலாம்னு பாத்தேன், நீ நர்ஸு, ஒளிச்சா கண்டுபிடிச்சுடுவே.

ஆனா பாப்பா, உங்கம்மா அம்சம் போன அன்னைக்கு நீ அங்கே ஏரோப்ளேனுக்கு டிக்கெட்டு கிடைக்காம நின்னே. அன்னைக்கு நடந்ததை இதுவரைக்கும் நான் உனக்குச் சொல்லல. நம்ம தெருவுலேர்ந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாதுன்னு உனக்குத் தெரியும், நடுவுல மிராசு பஞ்சாபகேசன் வயலு. அவரு நெலத்தை வித்துட்டு மெட்ராஸ் போனப்புறமும் வாங்கினவன் வரப்பை வெட்டிச் சுருக்கிட்டான். கொடி புடிச்சு, ஜமாபந்தியில மனுக் குடுத்து, ஜெயிலுக்கும் போயி, கடைசியில தாசில்தார் எறங்கி வந்து பஞ்சாயத்துத் தீர்மானம் கொண்டாங்க அளந்து விடுறேன்னாரு. தீர்மானம் போட வேண்டியவன் நம்ம தெரு மெம்பரு வைரக்கண்ணு. நாமதான் வீடு வீடா நின்னு அவனை ஜெயிக்க வச்சோம். அவனுக்கு சிங்கப்பூர்ல மச்சான் வேலை வாங்கிக் குடுத்தான், ஏறிப் போயிட்டான். தப்பான ஆளு இல்ல, புள்ளைங்களைக் காப்பாத்தப் போனான், ஆனா அவன் நாற்காலி காலியாக் கெடந்துச்சு, நம்ம தெருவுக்காக வாயத் தொறக்க அங்க ஆள் இல்ல. உங்கம்மாவை ஐப்பசி மழையில முழங்கால் சேத்துல, அடுத்தவன் நாத்தை மிதிச்சுக்கிட்டு, அவன் வரப்புல நின்னு ஏச ஏச நாலு பேரு தூக்கிட்டுப் போனோம். ஒரு எடத்துல நான் சறுக்கிட்டேன், பாடை சாஞ்சு போச்சு. அவளுக்கு சேறு புடிக்காது, உனக்குத் தெரியும், நடவுலேர்ந்து வந்தா காலை எத்தனை தடவை கழுவுவா.

உன் மனசு நோகணும்னு இதை எழுதல. நீ போன காயிதத்துல கமருன்னிஸான்னு ஒரு அம்மாவைப் பத்தி எழுதியிருந்தியே, பாகிஸ்தான்லேர்ந்து வந்தவங்க, நாலாவது மாடியில குளிக்கிற ரூம் இல்லாத வீட்டுல இருக்கிறவங்க, முட்டிவலியோட மாடிப்படி எறங்கித்தான் கக்கூசுக்குப் போகணும்னு. வெள்ளைக்காரன் ஊர்லயும் அப்படியான்னு இங்கே எல்லாரும் வாயைப் பொளந்தாங்க. பொறந்ததுலேர்ந்து மொத ஓட்டு அவங்க உனக்குத்தான் போட்டாங்கன்னு எழுதியிருந்தே. நீ எங்கிட்ட வந்துட்டா அந்த அம்மா யார்கிட்ட போயி நிக்கும்? அடுத்து வர்ற ஆளுக்கு அந்த மாடிப்படி தெரியுமா? எனக்கு வர்ற வருத்தம் என் வீட்டோட போகட்டும்.

அதனால என் பதில், வராதே. போயி உக்காரு. மொதக் கூட்டத்துலயே அந்தக் குளிக்கிற ரூமைப் பத்திக் கேளு, குரலை ஒசத்திக் கேளு, உங்கத்தை போன்ல கேட்டாளே அந்த மாதிரி.

கூட்டத்துக்குப் போறப்ப காதை மூடிக் கம்பளித் துணி கட்டிக்க, அங்க டீ குடுத்தாலும் வயித்துக்கு ஏதாவது தின்னுட்டுப் போ. யார் எந்தக் காயிதத்தை நீட்டினாலும் படிக்காம கையெழுத்துப் போடாதே. பேத்திக்குத் தமிழ் விட்டுப் போயிடக் கூடாது, தாத்தான்னு சொல்லத் தெரியுமான்னு எழுது. நானும் உங்கத்தையும் உன்னை மனசார வாழ்த்துறோம், உங்கத்தை வாழ்த்து கொஞ்சம் பிந்தி வரும், கோவம் ஆறட்டும். நீ எடுத்து வச்ச கால் சறுக்காம, சொன்ன சொல் கெடாம, புருசன் புள்ளையோட நல்லா இருக்கணும். ஞாயித்துக்கிழமை போன் பண்ண மறந்துடாதே, கூட்டம் இருந்தாலும் சரி.

இதை அத்தைகிட்ட குடுத்தா அடுப்புல போட்டுடுவா. வீட்டுல வச்சாலும் ஆபத்துதான், காலைல எழுந்து கடைசிப் பக்கத்தை நானே கிழிச்சுட்டு வேற எழுதுவேன். அதான் பூதலூர் ஸ்டேஷனுக்கே வந்து, பிளாட்பாரத்துல ஒக்காந்து எழுதுறேன். திருச்சிக்குப் போற வண்டிக்கு சிக்னல் கைகாட்டி எறங்கியாச்சு, தபால் போடுற பெட்டி அந்த வண்டியிலயே வருது. இனிமே எழுத நேரமில்ல, ஒட்டிட்டு ஓடுறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெத்தினம்